என் முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர்

நவம்பர் 11, திங்கள்

சொக்கலிங்கத்தோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது. அப்படியெல்லாம் சொல்லவே இல்லை என்று அவன் பின்னால் மாற்றிப் பேசக் கூடாது. அதற்காகவே இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன். இது போன வருடத்து டைரி. கிழமைகளை அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். நான் மீனாள், வயது அறுபத்திரண்டு. புதுக்கோட்டையில் என் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. திருப்பூரில் இருக்கும் என் மகன் சொக்கலிங்கத்துக்கு நான் தனியாக இருப்பது பொறுக்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு வந்துவிட வேண்டுமாம். போன மாதம் இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. எதிர்வீட்டுப் பச்சையம்மா அதைத் திருப்பூர் வரைக்கும் ஒலிபரப்பிவிட்டாள், அவ்வளவுதான்.

"அம்மா, உனக்கு வயசாயிருச்சு. ஒத்துக்க."

"உனக்குத்தான் தலை நரைச்சிருக்கு. நீ ஒத்துக்க."

போனில் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எதிரே பேப்பர் விரித்துக் கிடந்தது. அதில் ஓர் அறிவிப்பு: பிப்ரவரி 16 அன்று மூத்தோர் சைக்கிள் பந்தயம், ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இருபத்திநாலு கிலோமீட்டர். "இதுல நான் ஓட்டப் போறேன்டா" என்றேன். மூளைக்கு முன்னால் வாய் போய்விட்டது. அவன் சிரித்த சிரிப்பு பச்சையம்மா வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"சரி. மூணு பேருக்குள்ள வந்துரு. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். வரலைன்னா மாசி முடியறதுக்குள்ள நீ திருப்பூர்."

"பேச்சுன்னா பேச்சா?"

"பேச்சுன்னா பேச்சு."

என் பேச்சைப் பற்றி ஊருக்கே தெரியும். சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் அமைப்பாளராக இருந்தேன். முட்டை உண்டு என்று நான் சொன்ன நாளில் முட்டை இல்லாமல் போனதே கிடையாது.

நவம்பர் 13, புதன்

சைக்கிள் எனக்குப் புதிதில்லை. பந்தயம்தான் புதிது. இந்த மாவட்டத்தில் பெண்கள் எல்லாரும் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் பழகிய காலத்தில் எனக்கு முப்பது வயது. பழக்கிவிட வந்த பெண் கேரியரைப் பிடித்துக்கொண்டு "விட மாட்டேன், பயப்படாதீங்க" என்றாள். "விட்டுரு, இல்லாட்டி நான் ஓட்ட மாட்டேன்" என்றேன். அன்று மட்டும் ஒன்பது தடவை விழுந்தேன். பத்தாவது தடவை ஓட்டினேன். யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்று அந்தப் பழைய லேடீஸ் சைக்கிளைத் துடைத்து அன்னவாசல் ரோட்டில் ஆறு கிலோமீட்டர் போய் வந்தேன். திரும்பி வரும்போது ஒரு ஆடு என்னை முந்தியது. அது ஓடியது, நான் ஓட்டினேன். இரண்டும் வேறு வேறு விளையாட்டு.

நவம்பர் 17, ஞாயிறு

விளையாட்டு மைதானத்தில் சைக்கிள் கழகத்தில் பெயர் கொடுத்தேன். பயிற்சி கொடுப்பது ஜெபமணி டீச்சர், பள்ளியில் பி.டி. டீச்சர், முப்பத்தைந்து வயதிருக்கும். என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள், செத்த மாட்டைப் பார்ப்பதுபோல.

"மீனாம்மா, இது எத்தனை கிலோ?"

"நான் தூக்கிக்கிட்டா ஓட்டப் போறேன்?"

தன்னுடைய பழைய கியர் சைக்கிளைக் கொடுத்தாள். கியர் எதற்கு என்று விளக்க வந்தாள். "குடுத்துட்டு விடு, நானே பார்த்துக்கிறேன்" என்றேன். நானே பார்த்துக்கொண்டேன். சங்கிலி மூன்று தடவை கழன்றது.

நவம்பர் 20, புதன்

மழை. முழங்கால். வேறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

ஹெல்மெட் வந்தது. கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காரவில்லை. கொண்டையை அவிழ்த்தால் காளியம்மன் மாதிரி இருக்கிறது. பச்சையம்மா பார்த்துவிட்டு, "ஏத்தா, எந்தக் கோயிலுக்குச் சாமியாடப் போறீக?" என்று கேட்டாள். ஒரு சடை போட்டுக் கழுத்துக்குள் செருகிக்கொண்டேன்.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. பந்தம் கொளுத்திக் காட்ட வேண்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று கழகத்துக்குள்ளேயே ஒரு பதினைந்து கிலோமீட்டர் பந்தயம். பிப்ரவரிக்கு ஒத்திகையாம். நாங்கள் பதினோரு பெண்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், கடவுள் படிக்கட்டும்.

கொடி அசைந்ததும் முன்னால் போனேன். முதல் கிலோமீட்டரிலேயே நான்தான் முதல். திரும்பிப் பார்த்தால் பத்துப் பேரும் என் பின்னால் வரிசையாக வருகிறார்கள். ஒருத்தியும் முந்தவில்லை. பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. சேலையை இறுக்கிச் செருகியிருந்தும் முந்தானை பின்னால் கொடிபோல் பறந்தது. ஐந்து கிலோமீட்டர், நான் முதல். பத்து கிலோமீட்டர், நான் முதல். பின்னால் பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டே வந்தது. யாரோ மருமகள் வைத்த மீன்குழம்பைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு வெடிக்கிற நேரத்தில் இவர்களால் எப்படி மீன்குழம்பு பேச முடிகிறது என்று நான் யோசிக்கவில்லை. அதுதான் என் தப்பு.

பதின்மூன்றாவது கிலோமீட்டரில் கால் இரண்டும் ஈரத் துணியாகிவிட்டன. அப்போது காரைக்குடி மங்கையர்க்கரசி என் பக்கத்தில் வந்தார். வங்கி மேலாளராக இருந்து ரிட்டயர் ஆனவர், மூக்கில் வைரம், முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"ரொம்ப நன்றிங்க மீனாள்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக, ரேஷன் கடை வரிசை நகர்வதுபோல் இன்னும் ஏழு பேர் என்னைத் தாண்டினார்கள். நான் ஒன்பதாவது.

எதற்கு நன்றி சொன்னார் என்று வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, படுத்து யோசித்தும் புரியவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

கழகச் செயலாளருக்கு மனு எழுதினேன். "பதின்மூன்று கிலோமீட்டர் தூரம் முதலில் வந்தவரை ஒன்பதாவது என்று அறிவித்தது எந்த நியாயம்" என்று ஆரம்பித்து நான்கு பக்கம். ஒரு நகல் எனக்கு.

டிசம்பர் 19, வியாழன்

ஜெபமணி டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் என் மனு. காபி கொடுத்தேன்.

"மீனாம்மா, முன்னால போறவங்கதான் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போவாங்க. ஒட்டி வர்றவங்களுக்குக் காத்தே தெரியாது. மூணுல ஒரு பங்கு தெம்பு மிச்சம். நீங்க அன்னைக்கிப் பத்துப் பேருக்கு மதில் சுவரா போயிருக்கீங்க."

"அப்ப அவங்க திருடிட்டாங்க."

"இல்லம்மா. அதுதான் பந்தயமே. எல்லாரும் யார் பின்னாலயாவது போவாங்க, கடைசியில வெளிய வந்து முந்துவாங்க."

"நான் யார் பின்னாலயும் போனதில்ல டீச்சர்."

"அதான் ஒன்பதாவது."

காபி டம்ளரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன். அவள் வெளியே நின்றுகொண்டே, "நாளைக்கு அஞ்சரைக்கு மைதானத்துக்கு வந்துருங்க. சேலை வேணாம்!" என்று கத்தினாள். தெருவே கேட்டது. சேலை வேண்டாமென்றால் என்ன அர்த்தம் என்று பச்சையம்மா விசாரிக்க வந்தாள்.

டிசம்பர் 20, வெள்ளி

போனேன். பச்சையம்மா மகளின் சுடிதாரில்.

ஜனவரி 5, ஞாயிறு

பதினாறு நாட்களாக ஜெபமணியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறேன். அறுபத்திரண்டு வயதில் எனக்கு வந்த தவம் இது. அவளுடைய பின் சக்கரத்துக்கும் என் முன் சக்கரத்துக்கும் ஒரு முழம்தான் இடைவெளி இருக்க வேண்டுமாம். என் மனசு நான்கு முழம் கேட்கிறது.

"ஒட்டுங்க மீனாம்மா, ஒட்டுங்க!"

"நான் என்ன ஸ்டாம்பா?"

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டிப் போனால் காற்று நின்றுவிடுகிறது. யாரோ கதவைச் சாத்தியதுபோல் இருக்கிறது. அது சுகமாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளையார் எலியில் ஏறிப் போனார், யார் பின்னாலும் போகவில்லை. அந்த மாம்பழப் பந்தயத்தில் அவர் உலகத்தைச் சுற்றாமல்தான் ஜெயித்தார் என்பது வேறு விஷயம்.

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்குச் சொக்கலிங்கம் வந்தான். மருமகளுக்கு லீவு இல்லை. வந்தவன் பொங்கல் பானையைப் பார்க்கவில்லை, நேரே பாத்ரூமைப் போய்ப் பார்த்தான். தரையைக் காலால் தேய்த்தான். தாழ்ப்பாளை ஆட்டினான்.

"என்னடா, சுண்ணாம்பு அடிக்கப் போறியா?"

"நாலு மணி நேரம்மா."

"யாரு சொன்னா?"

"பச்சையம்மா அத்தை சொல்லுச்சு. சன்னல் வழியா கூப்பிட்டுப் பார்த்து, தாழ்ப்பாளை உடைச்சாங்களாம். எங்கிட்ட நீ சைக்கிள்ல இடிச்சு இடுப்புல காயம்னு சொன்ன. நான் அன்னைக்குக் காலையில பதினோரு மணிக்கு உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கல. நீ தூங்குறன்னு நெனச்சு வேலையைப் பார்க்கப் போயிட்டேன்."

கரும்பை வெட்டி ஆளுக்குப் பாதி தின்றோம்.

ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று, எழுதிவிடுகிறேன். அக்டோபர் 8. பத்தரை மணிக்குப் பாத்ரூமில் விழுந்தேன், இரண்டரைக்குக் கதவை உடைத்தார்கள். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. போன் மணி அடித்தது எனக்கும் கேட்டது. இருபது தடவைக்கு மேல் அடித்தது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் கையூன்றப் பார்த்தேன், வழுக்கியது. கத்தியிருந்தால் பச்சையம்மா சீக்கிரமே வந்திருப்பாள். நான் கத்தவில்லை.

ஜனவரி 16, வியாழன்

முப்பது கிலோமீட்டர். நேற்று எழுதியது எதுவும் பந்தயத்துக்குச் சம்பந்தமில்லாதது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒரு முழத்துக்கு வந்துவிட்டேன். ஜெபமணி திரும்பிப் பார்த்து, "இப்படியே போனா மூணாவது நிச்சயம்" என்றாள். "முதலாவது ஏன் இல்ல?" "முதலாவது மங்கை மேடம். அவங்க சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தா நீங்க மூணாவது. திருப்பூர் வேணாம்ல?" இவளிடம் யார் சொன்னது? பச்சையம்மாவுக்கு ஒரு வானொலி நிலையமே வைத்துக் கொடுக்கலாம்.

கணக்குச் சரிதான். என்னைவிட வேகமாக ஓட்டுகிறவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்திக்குக் கடைசியில் மூச்சு வாங்கும். மங்கையர்க்கரசியின் பின்னாலேயே போனால் என் வீடு எனக்கு.

பிப்ரவரி 15, சனி

சிலிண்டர் வந்தது. அரிசி ஊறப்போட்டு அரைத்தேன். சுடிதாரைத் துவைத்துக் காயப்போட்டேன். சாமி படத்துக்கு விளக்கேற்றி, "நாளைக்கு எனக்காக நீ ஒண்ணும் பண்ண வேணாம், வடகிழக்குக் காத்தை மட்டும் கொஞ்சம் பிடிச்சு வை" என்று கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நமணசமுத்திரத்தில் ஆரம்பம். திருமயம் போய்த் திரும்பி அதே இடத்துக்கு வர வேண்டும். போக பன்னிரண்டு, வர பன்னிரண்டு. போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில். சாமி ஒன்றையும் பிடித்து வைக்கவில்லை. நேற்றைவிடப் பலமாக அடித்தது. பத்தொன்பது பெண்கள். என் எண் பதினேழு. பச்சையம்மா சொந்தக்காரர் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு வந்து முடிவுக் கோட்டுப் பக்கத்தில் குடையோடு நின்றாள்.

போகும்போது எல்லாரும் ஒரே கும்பல். ஜெபமணி சொன்ன பேச்சைக் கேட்டு நான் நடுவில் இருந்தேன். திருமயத்தில் கோட்டைக்குக் கீழே திரும்பினோம். அங்கிருந்துதான் நிஜமான பந்தயம். காற்று சுவர்போல் நின்றது. கும்பல் உடைந்து, முன்னால் நான்கு பேரானோம். முதலில் மங்கையர்க்கரசி. அவர் பின்னால் நான், ஒரு முழம். என் பின்னால் கீரனூர்ப் பெண்கள் இரண்டு பேர், அக்கா தங்கை.

பதிமூன்று, பதினாலு, பதினைந்து. காற்று எனக்குத் தெரியவே இல்லை. மூச்சு சீராக இருந்தது. மீன்குழம்பு பற்றி என்னாலும் பேசியிருக்க முடியும். மங்கையர்க்கரசியின் முதுகில் வியர்வை படர்வதைப் பார்த்தேன். இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும். என் அடுப்பு, என் முருங்கை மரம், என் கதவு, எல்லாம் அப்படியே இருக்கும். இதை நான் நன்றாகவே யோசித்தேன். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பத்தொன்பதாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் அவர் லேசாகத் திரும்பினார். குரலில் கெட்ட எண்ணம் இல்லை, அதையும் எழுத வேண்டும்.

"பேசாம என் பின்னாடியே வாங்க மீனாள். உங்களை நான் இழுத்துட்டுப் போயிடறேன். விடமாட்டேன், பயப்படாதீங்க."

என் கால் தானாகவே அழுத்தியது.

வெளியே வந்தேன். காற்று அறைந்தது. அவரைத் தாண்டினேன். பின்னால் ரோட்டோரத்தில் நின்ற ஜெபமணி, "மீனாம்மா! வேணாம்! உள்ள போங்க! உள்ள போங்க!" என்று கத்துவது கேட்டது. சுடிதார் துப்பட்டா இல்லாததால் இந்தத் தடவை எதுவும் பறக்கவில்லை. எனக்கு முன்னால் ரோடு மட்டும்தான் இருந்தது. ஒரு முதுகும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ரோட்டை அப்போதுதான் பார்த்தேன்.

நான்கு கிலோமீட்டருக்கு மேல் நான்தான் முதல். பின்னால் மூன்று பேர் ஒட்டி வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை தெரிந்தேதான் போனேன். கடைசி அரைக் கிலோமீட்டரில் கண் இருட்டியது. மங்கையர்க்கரசி போனார். இம்முறை நன்றி சொல்லவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அக்கா போனாள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தங்கையும் நானும் ஒன்றாக இருந்தோம். பச்சையம்மா குடையால் தரையை அடித்து, "அழுத்தாத்தா! அழுத்து!" என்று அலறினாள். அழுத்தினேன்.

தங்கை மூன்றாவது. அரைச் சக்கரம்.

ஜெபமணி தண்ணீர் கொடுத்தாள். பிறகு, "பின்னாலயே இருந்திருந்தா..." என்றாள்.

"தெரியும்" என்றேன்.

அதே நாள், மாலை

ஆறு மணிக்குச் சொக்கலிங்கம் போன் செய்தான். பச்சையம்மா தன் வாசலில் நின்று, விரல் மூன்றைக் காட்டி, மூன்று என்று சொல் என்று வாயசைத்தாள். திருப்பூர்க்காரனுக்கு என்ன தெரியப் போகிறது என்பது அவள் கருத்து. அவள் இப்படிக் கட்சி மாறுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எத்தனாவதும்மா?"

"நாலாவது."

"நாலாவதா? பத்தொன்பது பேர்ல?"

"ஆமா. மூணுக்குள்ள இல்ல."

"...சரிம்மா. எப்ப வர்ற? நான் வண்டி எடுத்துட்டு வரவா?"

"வரமாட்டேன்."

"அம்மா. பேச்சுன்னா பேச்சான்னு நீதான கேட்ட?"

"கேட்டேன். இப்ப தப்புறேன். வேணும்னா வழக்குப் போடு."

இந்த அறுபத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன வார்த்தை தவறியது இதுதான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருந்தது. அவன், "விழுந்தா கத்துவியா?" என்று கேட்டான்.

பச்சையம்மா இன்னும் மூன்று விரலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கத்துறேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டான்.

பிப்ரவரி 19, புதன்

அவன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் போனேன். முழங்காலில் வீக்கம். நாலாவது இடத்துக்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், அதில் என் பெயர் 'மீனா' என்று இருக்கிறது. மனு எழுத வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலை ஏழரைக்கு வாசலில் சொக்கலிங்கம். தோளில் பை. திருப்பூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தானாம்.

"வழக்குப் போட வந்தியா?"

"சாட்சி யாரு இருக்கா? பச்சையம்மா அத்தையும் உன் பக்கம் போயிருச்சு."

இட்லி ஆறு சாப்பிட்டான். பையிலிருந்து ஒரு டிரில்லிங் மெஷினை எடுத்தான். பிறகு பேப்பர் சுற்றிய இரண்டு எவர்சில்வர் கம்பிகள், கை தடிமன். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அரை மணி நேரம் சுவர் அலறியது. என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. உள்ளே வா என்று அவனும் கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோது தலையெல்லாம் சிமெண்ட் தூள். தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டிருந்தான், வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி வேறொன்று போட்டிருந்தான். நான் போய்ப் பார்த்தேன். பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, ஒன்று குழாய்ப் பக்கம், ஒன்று கதவுப் பக்கம். குழாய்ப் பக்கத்துக் கம்பி ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது.

"கோணலா இருக்கு" என்றேன்.

"தெரியும்மா."

"ரசமட்டம் வெச்சுப் பார்க்கலயா?"

"ரசமட்டம் வெச்சுப் பார்த்துத்தான் கோணல்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான். திருப்பூர் என்ற வார்த்தையை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அவன் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் நின்றேன். பிறகு பாத்ரூமுக்குப் போய், அந்தக் கோணல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன்.

ஆடவில்லை.